வெயிலைப் பின்னும் கணக்கு

உத்திரமேரூர் பக்கம் யாரிடமாவது "வெப்பநிலைப் போர்வை பின்னப் போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "சித்திரையில ஃபேன் காத்தே பத்தலை, உனக்கு எதுக்கும்மா போர்வை?" என்றுதான் பதில் வரும். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே, இந்தப் போர்வையை எப்படித் திட்டமிடுவது, எப்படிப் பின்னுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டம்ளர் டீயில் முடிகிற பேச்சில்லை. இன்னொன்றுக்கும் சேர்த்துப் பாலை அடுப்பில் வையுங்கள்.

விஷயம் எளிது. ஒரு நாளுக்கு ஒரு வரிசை. அன்றைக்கு வெயில் எத்தனை டிகிரியோ அதற்கென்று முன்பே ஒதுக்கிவைத்த நிறத்தில் அந்த வரிசையைக் குரோஷாவில் போட வேண்டும். வருடம் முடியும்போது 365 வரிசையும் சேர்ந்து ஒரு போர்வையாகிவிடும். அதைப் பிரித்து விரித்தால் அந்த வருடத்தின் வெயிலும் மழையும் குளிரும் கீழிருந்து மேலாகக் கோடு கோடாகத் தெரியும்.

இதில் கைவேலை பாதிதான். மீதிப் பாதி, ஊசியை எடுக்கும் முன்பே காகிதத்தில் போட்டுவைக்க வேண்டிய அட்டவணை. எந்த டிகிரிக்கு எந்த நிறம் என்கிற அந்த அட்டவணை சரியாக அமைந்தால், சுமாராகப் பின்னத் தெரிந்தவர்கூட அருமையான போர்வை செய்துவிடலாம். அது தப்பாக அமைந்தால் எவ்வளவு நேர்த்தியாகப் பின்னினாலும் போர்வை வாயே திறக்காது.

இரவல் அட்டவணையால் வருகிற வினையைப் பாருங்கள். இந்தப் பழக்கம் குளிர்நாடுகளில் வேரூன்றியது. அங்கே எழுதப்படுகிற அட்டவணைகளில் பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயே நாலைந்து நிறங்கள் இருக்கும். 30 டிகிரிக்கு மேல் போனால் எல்லாமே ஒரே சிவப்பு. அதை அப்படியே எடுத்து உத்திரமேரூருக்குப் பின்னினால் என்ன ஆகும்? நம் பக்கம் பகல் வெயில் 30க்குக் கீழே நிற்பது பெரும்பாலும் ஐப்பசி கடைசியிலிருந்து தை வரைக்கும்தான். மற்ற மாதங்கள் முழுக்கச் சிவப்பாகவே ஓடும். பங்குனிக்கும் கத்திரிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆடிக் காற்றும் ஆவணி இடிமழையும் இருந்த இடம் தெரியாது. நீல வகைகளோ வாங்கின கட்டு பிரிக்காமல் பையிலேயே கிடக்கும்.

நம் ஊரில் வருடம் முழுக்க வெயில்தான் என்று சொல்பவர்களும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். மாற்றம் இருக்கிறது, அது குறுகிய வரம்புக்குள் நடக்கிறது. விடாமல் மழை பெய்யும் கார்த்திகை நாளில் பகல் வெப்பம் 25, 26 டிகிரியிலேயே நின்றுவிடும். கத்திரியில் 40ஐத் தாண்டும். நடுவில் உள்ள பதினைந்து, பதினாறு டிகிரிக்குள்தான் நம்முடைய வருடம் அடங்கியிருக்கிறது. அந்த இடத்தைத்தான் நுணுக்கமாகப் பங்கு போட வேண்டும். இரண்டு டிகிரிக்கு ஒரு நிறம் என்று வைத்தால் பத்து நிறம் போதும்.

நிறத்துக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. காஞ்சிபுரம் பட்டுக்கடைகளில் புழங்குகிற பெயர்களே நமக்குப் போதும். அதிகபட்ச வெப்பநிலைக்கு நான் பரிந்துரைக்கும் அட்டவணை இது:

26க்குக் கீழே: எம்.எஸ். நீலம்
26.0 முதல் 27.9 வரை: ஆனந்தா நீலம்
28.0 முதல் 29.9 வரை: மயில் பச்சை
30.0 முதல் 31.9 வரை: இலைப்பச்சை
32.0 முதல் 33.9 வரை: கிளிப்பச்சை
34.0 முதல் 35.9 வரை: எலுமிச்சை மஞ்சள்
36.0 முதல் 37.9 வரை: மாம்பழ மஞ்சள்
38.0 முதல் 39.9 வரை: ஆரஞ்சு
40.0 முதல் 41.9 வரை: மிளகாய்ப்பழச் சிவப்பு
42.0ம் அதற்கு மேலும்: அரக்கு

புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணையும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "34 முதல் 36, 36 முதல் 38" என்று எழுதிவைத்தால், சரியாக 36 வரும் நாளில் எந்த நூலை எடுப்பது என்று கை தயங்கும்.

சிலர் ஒவ்வொரு நிறத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையில் நாட்கள் வரும்படி அட்டவணையை வளைப்பார்கள். போர்வை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு நிறம் அரை டிகிரிக்கும் அடுத்த நிறம் நாலு டிகிரிக்கும் நிற்கும். எங்கே வெயில் தாவியது, எங்கே ஊர்ந்தது என்று படிக்கவே முடியாது. இரண்டு ஓரங்களைத் திறந்து விட்டுவிட்டு, நடுவில் எல்லாப் பங்கும் சமமாக இருப்பதே நேர்மை. அரக்கு ஒரு நாள்கூட வராமல் போகலாம், போகட்டும். அந்த வருடம் 42ஐத் தொடவில்லை என்பதும் ஒரு செய்திதானே. நடுவில், "பச்சை அதிகமாகிவிட்டது, மாற்றிவிடலாமா" என்ற ஆசை வரும். மாற்றக் கூடாது. சித்திரையில் எழுதியது பங்குனி வரைக்கும் சட்டம்.

நிறங்களைத் தேர்ந்தெடுத்ததும் நூல்களை வரிசையாக அடுக்கி, கைபேசியில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து நிறங்கள் இரண்டு ஒன்றாகத் தெரிந்தால் அதில் ஒன்றை மாற்ற வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பின்னப்போவது பெரும்பாலும் இரவில்தான். இலைப்பச்சையும் மயில் பச்சையும் இரவில் குழப்பும்.

அடுத்தது, டிகிரியை எங்கிருந்து எடுப்பது? மூன்று வழி உண்டு. வானிலை ஆய்வு மையம் அன்றாடம் வெளியிடும் அளவு ஒன்று. நம் வீட்டுத் தெர்மாமீட்டர் இன்னொன்று. கைபேசிச் செயலி மூன்றாவது. செயலி காட்டுவது பெரும்பாலும் கணினி போட்ட மதிப்பீடு. நம் தெருவில் யாரும் அளந்ததில்லை. இரண்டு செயலிகள் ஒரே நேரத்தில் இரண்டு எண் காட்டுவது அதனால்தான். மையத்தின் அளவு நம்பகமானது. சென்னையில் வானாய்வுக்கூடம் அமைந்தது 1792இல். அளந்து எழுதிவைக்கும் பழக்கத்துக்கு இங்கே அவ்வளவு வயது. நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான உச்சம் 45.0 டிகிரி, 2003 மே 31 அன்று. கத்திரி முடிந்த பிறகு வந்த நாள் அது என்பதைக் கவனியுங்கள். பஞ்சாங்கம் சொல்லும் தேதியோடு வெயில் நின்றுவிடுவதில்லை. உங்கள் போர்வையிலும் மே கடைசி, ஜூன் முதல் வாரம் சிவந்து கிடந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஆனால் சென்னை அளவைக் கொண்டு பின்னினால் அது சென்னையின் போர்வை. கடற்காற்று சென்னைக்கு நண்பகல் வாக்கிலேயே வந்து வெயிலை அடக்கிவிடும். உள்ளே தள்ளியிருக்கும் நம் ஊருக்கு அது வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். நம் ஊருக்கென்று பின்ன வேண்டுமானால், அதிகபட்சம் குறைந்தபட்சம் இரண்டையும் பிடித்து வைத்துக்காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி நிழலில், காற்றோட்டமான இடத்தில், நெஞ்சு உயரத்தில் மாட்டுங்கள். மேற்குச் சுவரிலோ தகரக் கூரைக்கு அடியிலோ மாட்டினால் சுவரின் சூட்டைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். வானிலை நிலையங்களில் வெள்ளையடித்த, பக்கமெல்லாம் சட்டங்கள் வைத்த மரப்பெட்டிக்குள் தெர்மாமீட்டரை வைப்பதும் இதற்காகத்தான். எந்த வழியை எடுத்தாலும் வருடம் முழுக்க அதே வழிதான். பாதி வருடம் செயலி, பாதி வருடம் தெர்மாமீட்டர் என்றால் கணக்கு கலந்துவிடும்.

இனி அளவு. ஒரு மாதிரித் துண்டு போடாமல் யாரும் இதில் இறங்கக் கூடாது. நடுத்தரப் பருமன் நூலில், 4 அல்லது 5 மில்லிமீட்டர் ஊசியில் சிங்கிள் குரோஷா போட்டால் ஒரு வரிசை ஏறத்தாழ 0.6 சென்டிமீட்டர் உயரம் வரும். 365 வரிசைக்கு 219 சென்டிமீட்டர். ஆள் போர்த்திக்கொள்ளத் தோதான நீளம். அதையே டபுள் குரோஷாவில் போட்டால் ஒரு வரிசை 1.3 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். மொத்தம் நாலே முக்கால் மீட்டர். போர்வைக்குப் பதிலாகப் புடவை நீளத்தில் ஒன்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான். ஓர் எச்சரிக்கை: அமெரிக்கப் புத்தகத்தில் சிங்கிள் என்பதை பிரிட்டிஷ் புத்தகத்தில் டபுள் என்பார்கள். கையிலிருக்கும் புத்தகம் எந்த நாட்டுக்காரர் எழுதியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அகலத்துக்கு 150 கண் போட்டால் ஏறத்தாழ ஒரு மீட்டர் வரும். முழுப் போர்வைக்கு 54,750 கண். பயப்பட வேண்டாம், ஒரு நாளைக்கு 150தான். பழகின கைக்குப் பத்து நிமிட வேலை.

நூல் எவ்வளவு வாங்குவது? முழு அகலத்தில் பத்து வரிசை பின்னிச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 30 கிராம் வந்தால் வரிசைக்கு 3 கிராம். வருடத்துக்கு 1,095 கிராம். இதைப் பத்து நிறத்துக்கும் சமமாகப் பிரித்து வாங்கிவிடாதீர்கள். போன வருடத்து அளவுகளை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் எத்தனை நாள் விழுகிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். எலுமிச்சை மஞ்சளில் 80 நாள் விழுந்தால் 240 கிராம். அதற்கு மேல் எட்டில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். உறைச்சீட்டில் லாட் எண் என்று ஒன்று இருக்கும். ஒரே நிறம் எல்லாம் ஒரே லாட்டில் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்துப் போய் அதே மஞ்சளைக் கேட்டால் சாயம் ஒரு சாயல் தள்ளித்தான் வரும். இல்லாத வெப்ப மாற்றத்தை அது காட்டிவிடும்.

உல்லன் நூல் என்று நம் கடைகளில் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். விலை மலிவு, சாயம் போகாது, எடை குறைவு. ஆனால் வியர்க்கும், சில துவைப்புக்குப் பிறகு உருண்டை உருண்டையாகத் திரளும். நம் பக்கத்துக்குப் பருத்திதான் என் சிபாரிசு. மார்கழிப் பனிக்கும், இரவுப் பேருந்துக்கும், ஏசி வைத்த அறைக்கும் பருத்திப் போர்வை போதும். இதுதான் "எதுக்கும்மா போர்வை" என்ற கேள்விக்கும் பதில். பருத்தியில் ஒரு சிக்கல் உண்டு: அரக்கும் மிளகாய்ப்பழச் சிவப்பும் சாயம் இறங்கலாம். ஒவ்வொரு நூலிலும் ஒரு துண்டு வெட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் பருத்திப் பின்னல் தன் எடையிலேயே இழுபட்டு நீளும். தரையில் விரித்துத்தான் உலர்த்த வேண்டும்.

பின்னும்போது தடுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, அடிச் சங்கிலி. இறுக்கிப் போட்டால் போர்வையின் அடி குறுகிவிடும். சங்கிலிக்கு மட்டும் அரை அளவு பெரிய ஊசியை எடுங்கள். இரண்டாவது, ஓரம். வரிசைக்கு ஒரு கண் விட்டுப்போனால்கூடச் சித்திரையில் ஒரு மீட்டராக இருந்தது ஆடிக்குள் அரை மீட்டருக்கும் கீழே போய்விடும். முதல் கண்ணிலும் கடைசிக் கண்ணிலும் ஓர் ஊக்கு மாட்டிவைத்து ஒவ்வொரு வரிசையிலும் அதை மேலே ஏற்றிக்கொண்டே போங்கள். மூன்றாவது, நிறம் மாற்றும் இடம். பழைய நூலில் கடைசிக் கண்ணை முழுதாக முடித்துவிட்டு மாற்றினால் கோடு பிசிறும். அந்தக் கண்ணின் கடைசி இழுப்பைப் புது நூலால் இழுங்கள். அடுத்த வரிசை சுத்தமாகத் தொடங்கும்.

தினமும் நூலை வெட்டினால் வருடக் கடைசியில் 730 நுனி தொங்கும். இரண்டு வழி இருக்கிறது: நுனிகளை அடுத்த வரிசைக்குள் வைத்தே பின்னி மறைத்துவிடுவது, அல்லது எல்லா நுனியையும் ஒரே நீளத்தில் விட்டு இரண்டு பக்கமும் குஞ்சமாக்கிவிடுவது. நம் வெயிலில் ஒரு வசதி, ஒரே நிறம் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் வரும். அப்போதெல்லாம் வெட்டவே வேண்டாம். அதில் ஒரு தொல்லையும் உண்டு: எத்தனை நாள் போட்டோம் என்று எண்ண முடியாது. மாதம் முடிகிற இடத்தில் வெள்ளையில் ஒரு வரிசை போட்டுவிட்டால் கணக்கு தப்பாது.

தினம் பின்ன வேண்டும் என்றும் கட்டாயமில்லை. தினம் செய்ய வேண்டியது எழுதிவைப்பது மட்டும். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரின் கட்டத்திலேயே அன்றைய டிகிரியை எழுதிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு வரிசையையும் போட்டுக்கொள்ளலாம்.

மழைக்கு வருகிறேன். உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலைத் தேர்தல் கல்வெட்டைச் சொல்வார்கள். பராந்தக சோழன் காலத்து, கி.பி. 921ஐ ஒட்டிய அந்தக் கல்வெட்டு, ஏரிக்கென்றே தனி வாரியம் இருந்ததையும் சொல்கிறது. ஏரிப் பாசனத்தில் பிழைத்த ஊரின் வருடத்தை வெயிலை மட்டும் வைத்துச் சொன்னால் அது பாதிக் கதை. மழை நாளில் அன்றைய நூலோடு ஒரு சரிகை இழையைச் சேர்த்துப் பின்னிவிடுங்கள்; வரிசை மினுங்கும். தூறல் விழுந்ததெல்லாம் மழை நாளாகிவிடாது. வானிலைத் துறைக் கணக்கில் 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் மழை நாள். துறை மழையை அளப்பது காலை 8:30 மணிக்கு. செவ்வாய் சாயங்காலம் பெய்தது புதன்கிழமைக் கணக்கில் ஏறும். நீங்கள் எந்த நாளில் ஏற்றுவீர்கள் என்பதையும் அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். மிக்ஜாம் புயல் நம் வட மாவட்டங்களைப் புரட்டிய 2023 டிசம்பர் 3, 4 போன்ற நாட்கள் இப்படிப் பின்னினால் சரிகை மினுங்கும் எம்.எஸ். நீலமாகப் பளிச்சென்று நிற்கும்.

வரிசை வேண்டாம், சதுரம் சதுரமாகப் பின்னி இணைக்கிறேன் என்பவர்களுக்கு வேறொரு கணக்கு. நடுவில் இரவின் குறைந்தபட்சம், சுற்றிலும் பகலின் அதிகபட்சம் என்று ஒரு சதுரத்தில் இரண்டையும் காட்டலாம். 365 சதுரத்தை நீளமும் அகலமும் பொருந்த அடுக்க முடியாது. பன்னிரண்டு மாதத்துக்கு ஒவ்வொரு வெள்ளைச் சதுரமும், வருடத்தை எழுத ஒன்றும் சேர்த்தால் 378. அது 18க்கு 21 என்று கச்சிதமாக அமையும். 366 நாள் வருடத்தில் வருடச் சதுரத்தை விட்டுவிடுங்கள்; அப்போதும் 378தான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்பது உங்கள் விருப்பம். ஜனவரியில் ஆரம்பித்தால் சிவப்பு நடுவில் வரும். சித்திரை முதல் நாளில் ஆரம்பித்தால் கொதிப்பு அடியில் கிடக்கும், அதற்கு மேல் மழை, அப்புறம் பனி, கடைசியில் மறுபடி சூடேறும். போன வருடத்தையோ குழந்தை பிறந்த வருடத்தையோ பின்னலாம்; பழைய அளவுகள் கிடைத்தால் எந்த வருடமும் பின்னக்கூடியதே.

இது தனியாள் பொழுதுபோக்கோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தின் பருவநிலை விஞ்ஞானி எல்லி ஹைவுட், 2017இல் ஒரு வருடத்துக்கு ஒரு வரிசை என்று உலகத்தின் சராசரி வெப்பத்தைக் குரோஷாவில் போர்வையாகப் பின்னினார். அதே பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் 2018இல் வெளியிட்டு உலகம் முழுக்கப் பரவிய நீலச் சிவப்புக் கோட்டுப் படத்துக்கு அந்தப் போர்வை ஒரு தூண்டுதல். அங்கேயும் சூட்சுமம் அட்டவணைதான். உலகச் சராசரி வருடத்துக்கு வருடம் மாறுவது டிகிரியின் பின்னத்தில். நம் இரண்டு டிகிரிப் பங்கை அங்கே வைத்தால் நூறு வருடமும் ஒரே நிறமாகிவிடும்.

பின்னுகிற கைக்கு நம் நாட்டிலும் பஞ்சமில்லை. மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்ற குழு சுபஸ்ரீ நடராஜன் தலைமையில் 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸில் இடம்பிடித்தது. பல ஊர்ப் பெண்கள் பின்னி அனுப்பிய துண்டுகளின் இணைப்பு அது. அவ்வளவு பெரிய வேலைக்குக் கை கிடைத்த நாட்டில், நாளைக்கு ஒரு வரிசை போட ஆள் கிடைக்காமலா போகும்?

கடைசியாக ஒன்று. போர்வை முடிந்ததும் ஒரு வெள்ளைத் துணித் துண்டில் வருடம், ஊர், அளவு எடுத்த இடம், பத்து நிறத்தின் டிகிரி எல்லாவற்றையும் அழியாத மையில் எழுதிப் போர்வையின் மூலையில் தைத்துவிடுங்கள். அந்தத் துண்டு இல்லாவிட்டால் இருபது வருடம் கழித்து எடுப்பவர் கைக்கு வருவது கோடு போட்ட போர்வை மட்டும்தான்.